குங்கிலிய விதைக்கு ஒரு தங்கத் தராசு

எனக்கு மலை ஏறுவது ஆகவே ஆகாது. நாகர்கோவில்காரி இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட நின்றாலே மலை முகத்தில் வந்து முட்டும் ஊர் அது. ஆனால் துணி காயப்போட்டுக்கொண்டே பார்ப்பது வேறு, மூச்சு வாங்க ஏறுவது வேறு. ஐம்பதை நெருங்கும் வயதில், மூட்டுவலித் தைலத்தோடும் ஒரு நைட்ரஜன் கேனோடும் நான் ஜவ்வாது மலைக்குப் போனதற்கு ஒரு மரம்தான் காரணம்.

போன் செய்தவள் செல்வி. மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். "மேடம், எங்க குங்கிலிய மரம் காய்ச்சிருக்குங்க. ரெக்கை பழுப்பாவுது. ஒரு வாரத்துல உதிந்துரும். இந்த வருசத்தோட மரம் போயிடும்னு அம்மா அழுவுது. உடனே வர்றீங்களா?"

சாம்பிராணி போலப் புகை போடுவோமே, அந்தக் குங்கிலியப் பிசின் வடியும் மரம். விதைக்குச் சிறகு உண்டு. எல்லா வருடமும் காய்க்காது. காய்த்தாலும் விதை ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்தான் உயிரோடு இருக்கும். கேழ்வரகு போல எடுத்துவைத்து அடுத்த வருடம் விதைக்கும் கதையெல்லாம் இதனிடம் நடக்காது. வெயிலில் காய வைத்தால் சாகும், ஃப்ரிட்ஜில் வைத்தால் சாகும். இப்படிப் பிடிவாதம் பிடிக்கும் விதைகளைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, எத்தனை வருடம் கழித்து எடுத்தாலும் முளைக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் சென்னையில் எங்கள் லேபின் வேலை.

நான் விஞ்ஞானி இல்லை, கருவி ஓட்டுகிறவள். இருபது வருடமாக ஒரே நாற்காலி, ஒரே திரை. மூன்று வருடம் முன்பு இதே மரத்தின் விதைகளைச் செல்விதான் ஒரு பையில் போட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தாள். வழியிலேயே பாதி முளைத்து அழுகிப்போயின. மிஞ்சியதை உறைய வைத்தோம். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஏன் என்று என் கருவிதான் காட்டிக்கொடுத்தது. விதைக்குள் இருக்கும் கருவை உளுந்து அளவு அலுமினியக் கிண்ணத்தில் வைத்து மூடி, நன்றாகக் குளிர வைத்து, பிறகு மெல்லச் சூடேற்றுவோம். எந்த இடத்தில் எவ்வளவு வெப்பத்தை அது இழுக்கிறது என்று திரையில் ஒரு கோடு ஓடும். உள்ளே பனிக்கட்டி இருந்தால் அது உருகும் இடத்தில் கோடு மேடு கட்டும். பனிக்கட்டி ஊசி ஊசியாய் வளர்ந்து கருவைக் கிழித்துவிட்டது என்று அர்த்தம். அன்று வந்த மேடு எங்கள் ஊர் மருந்துவாழ்மலை உயரத்துக்கு இருந்தது.

அதன் பிறகு வேறு காட்டிலிருந்து வந்த குங்கிலிய விதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய வைத்துக் கிண்ணம் கிண்ணமாக ஓட்டிப் பார்த்தேன். காயக் காய மேடு சிறுத்தது. கருவின் எடை பாதியாகும்போது மேடே காணோம். மிச்சமுள்ள நீர் பனிக்கட்டி ஆகாமல், சர்க்கரைப் பாகு கண்ணாடி மிட்டாயாக இறுகுமே, அப்படி இறுகிவிடுகிறது. பாதிக்கும் கீழே போனால் கரு காய்ந்தே செத்துவிடும். ஆக, பாதியில் நிறுத்த வேண்டும், அந்த நிமிடமே நைட்ரஜனில் போட வேண்டும். விதை சென்னை வரை தாங்காது என்பதால், நான்தான் விதையிடம் போக வேண்டும் என்று ஆயிற்று.

முதல் நாளே ஆபீஸ் கார் கண்ணமங்கலத்தில் படுத்துவிட்டது. ரேடியேட்டர் புகைந்தது, டிரைவர் தலையைச் சொறிந்தார், நான் கத்தினேன். கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்து டீயில் பால் ஜாஸ்தி, சர்க்கரை அதைவிட ஜாஸ்தி. எங்கள் ஊரில் டீ என்றால் தொண்டையில் உறைக்க வேண்டும். இது பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. ஆனாலும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மலைக்குப் போகும் ஷேர் ஜீப் ஒன்று கிடைத்தது. கேனைத் தூக்கி வைத்த டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டு டாக்டரம்மாவா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. ஜீப்பில் எத்தனை பேர் என்று பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். கேன் சாயக் கூடாதே என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பலாப்பழத்தோடு ஏறிய ஒரு அம்மாள், இடம் தேடித் தேடி, கருவிகள் வைத்திருந்த என் நீலப் பையின் மேல் அம்சமாக உட்கார்ந்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். அது பலாப்பழம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குங்கிலிய மரம் இருக்கிறது என்று தெரிந்தால் கத்தியோடு தேடிப் போக ஆள் உண்டு. ஜமுனாமரத்தூருக்கு அப்பால், ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடை என்று மட்டும் சொல்கிறேன். செல்வி ஸ்கூட்டரோடு வந்து காத்திருந்தாள். குண்டும் குழியுமான வழியில் ஸ்கூட்டரில் வைத்தால் கேன் சாயும் என்று, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, கேனை அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

ஊர் எல்லையில் எனக்கு ஒரு வரவேற்பு காத்திருந்தது. மூன்று மாடுகள், நான்கு ஆட்கள். ஜீப் டிரைவர் யாரிடமோ போனில் சொல்லியிருக்கிறார். இங்கே நைட்ரஜன் கேனோடு வரும் ஒரே ஜீவன் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்தான்.

"யம்மா, ஜெர்சி ஊசி கீதா? நேத்துலர்ந்து கத்திக்கினே கீது" என்று ஒருவர் கிடாரியை என் பக்கம் திருப்பினார்.

"நான் மாட்டு டாக்டர் இல்லைங்க. மரத்துக்கு வந்தேன்."

"மரத்துக்கு ஊசியா?" நான்கு பேரும் கேனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கிடாரியும் பார்த்தது.

அவர்களை விரட்டிவிட்டு என் கையைப் பிடித்து அழைத்துப் போனவர்தான் செல்வியின் அம்மா சடையம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சின்ன நிலம், இரண்டு புளியமரம், ஒரு குங்கிலிய மரம். கணவர் குடகில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். உறைய வைப்பது பற்றி அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று பாகு, மிட்டாய் எல்லாம் சேர்த்து வழி நெடுக ஒரு பிரசங்கம் தயார் செய்திருந்தேன். அவர் கேனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாட்டு ஊசி மாரிதானே? உறைஞ்சி கெடக்கும், அப்பால எடுத்தா உசுரு வரும். அதானே?" என்றார். அதேதான். என் பிரசங்கத்தை விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். தேங்காய் அரைக்காத குழம்பைக் குழம்பு என்று எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். களியை மென்று மென்று தின்றதைப் பார்த்து செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "முழுங்கணும் மேடம். மென்னா நாளைக்கு வரைக்கும் மென்னுக்கினே இருக்கணும்."

மறுநாள் காலை மரத்தைப் பார்க்கப் போனோம். இருபது வருடம் மரங்களோடு வேலை செய்கிறேன், கிண்ணத்தில் போட்ட எந்த விதையின் தாயையும் பார்த்ததில்லை. சரிவின் ஓரத்தில் நின்றது. பட்டை கறுத்து, அடிமரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வெட்டுத் தழும்பு. கைவிரல் புதையும் ஆழம். ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உயிரோடு இருந்தது. அந்த ஒரு சாண் வழியாக நீர் ஏறித்தான் மேலே மூன்று கிளை பச்சையாக இருந்தன. மற்ற கிளைகள் விறகு. சடையம்மா அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

காற்று அடித்தது. விதைகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றும் தன் சிறகைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் இறங்கிற்று. திரையில் மேடும் கோடுமாகப் பார்த்த சனியனா இவ்வளவு அழகு என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்கள் மூன்று பேரும் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து அங்கும் இங்கும் ஓடினோம். மூட்டுவலி எல்லாம் எங்கே போயிற்றோ.

முக்கால்வாசி விதைகளில் வண்டு துளைத்திருந்தது. சில ஏற்கெனவே முளை விட்டிருந்தன. பொறுக்கிப் பார்த்ததில் நல்ல விதை அறுபதுதான் தேறியது. மேலே கிளைகளில் இனி ஒன்றும் இல்லை. அறுபது போதும் என்று சொல்லிக்கொண்டு வந்து நீலப் பையைத் திறந்தேன். 'கடக்' என்ற சத்தம் பலாப்பழம் இல்லை. என் எடைக்கருவி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

எடை பார்க்காமல் பாதி எடை எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தா? ஒரு கரு பாசிப்பயறு அளவுகூட இருக்காது. அறுபதையும் சேர்த்துப் போட்டாலே ஒரு கிராம் வருமோ வராதோ. பலாப்பழத்து அம்மாளை நான் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. செல்வி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ்ளோ நுணுக்கமான தராசு எங்க மலையில ஒருத்தராண்டதான் கீது மேடம்" என்றாள். "ஜமுனாமரத்தூர்ல நகை செய்யிற பத்தராண்ட."

நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டரில் போனாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்து சொன்னாள்: "தராச மட்டும் தர மாட்டாராம். தராசு போற எடத்துக்கு அவரும் வருவாராம். காலையில வர்றேன்னு சொல்லிட்டாரு."

மூன்றாம் நாள் காலை பத்தர் வந்தார். ஸ்கூட்டரின் பின்னால், மடியில் துணி சுற்றிய கண்ணாடிப் பெட்டியைக் குழந்தை போல வைத்துக்கொண்டு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார், யாரும் தும்மக் கூடாது என்றார். எங்கள் லேபில் இவ்வளவு ஒழுக்கம் நான் பார்த்ததில்லை.

நான் பிளேடால் ஒவ்வொரு விதையாகப் பிளந்து கருவை எடுத்தேன். வெள்ளையாக, நுனியில் கொஞ்சம் பச்சை தெரிய. அறுபதும் எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பத்தர் சின்ன இடுக்கியால் அவற்றைத் தட்டில் ஏற்றி, எண்ணைப் படித்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "இதுல பாதி வரணும். அவ்ளோதானே? பொட்டுத் தங்கம் சேதாரம் இல்லாம செய்யிற கை இது. நீ கவலப்படாத." என் மனம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

ஈரம் உறிஞ்சும் நீலக் குருணை தெரியுமா? புது ஹேண்ட்பேக்கில் சின்னப் பொட்டலமாக வருமே, அதே ஜாதி. அதை ஒரு டப்பாவில் பரப்பி, மேலே சல்லடை வைத்து, சல்லடை மேல் கருக்களை அடுக்கி மூடினேன். ஈரத்தைக் குடிக்கக் குடிக்கக் குருணை நீலத்திலிருந்து ரோஸாக மாறும். லேபில் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற வேலை. இங்கே விடிந்ததிலிருந்தே சாரலும் மேகமும். மூடியை எடுத்து எடை பார்க்கும்போதெல்லாம் வெளி ஈரமும் உள்ளே போயிற்று. இரண்டு மணி நேரம் கழித்தும் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. குருணை அதற்குள் ரோஸ் கட்டிவிட்டது.

அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல். நாளைக்குக் கார் வருமா என்று லேபைக் கேட்க வேண்டும். பத்தர் களியும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். செல்வி டியூட்டிக்குப் போயிருந்தாள். "டப்பாவைப் பாத்துக்கிடுங்கக்கா, இதோ வந்துடுறேன்" என்று சடையம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். வழியும் பாறையும் சேர்ந்து ஒரு மணி நேரம் தின்றன.

திரும்பி வந்தபோது டப்பா திறந்து கிடந்தது. அறுபது கருக்களும் ஒரு தாம்பாளத்தில், ஈரத் துணியின் மேல் வரிசையாகக் கிடந்தன. சடையம்மா விரலைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். பத்தர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தால் எனக்கு அசல் நாகர்கோவில் தமிழ்தான் வரும். "எக்கா! என்னத்தக்கா செஞ்சு வச்சிருக்கிய? எல்லாத்தையும் கொன்னுட்டியளே!" என்று போட்ட சத்தத்தில் பத்தர் எழுந்து தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வாடிப் போச்சும்மா" என்றார் சடையம்மா. "சுருங்கிப் போயி, பச்சப்புள்ள தாகத்துல கெடக்கிற மாரி கெடந்துச்சு. நான் எப்டிம்மா பாத்துக்கினே குந்திக்கினு இருப்பேன்?"

"காயணும்னு சொன்னேனே! காய்ஞ்சாத்தானே பிழைக்கும்!"

"காயணும்னு சொன்ன. இப்டி காயும்னு சொல்லலியே."

நான் மேலும் ஏதேதோ சொன்னேன். படிக்காதவர்கள் என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரு தடவ கொன்னவதாம்மா நானு. செல்விக்கு அஞ்சு வயசுல மூளக் காய்ச்சல். வேலூர் ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் போட்டு வச்சிருந்தாங்க. குங்கிலியம் வித்துத்தான் காசு கட்டினோம். குங்கிலியம் எடுக்கிறதுன்னா ஒரு பக்கந்தான் வெட்டணும். ஒரு வருசம் வெட்டினா ஒரு வருசம் வுட்ரணும். அதான் எங்க வயக்கம். அந்த வருசம் நாங்க சுத்தி வெட்டினோம். அவுரு மேல வெட்டினாரு, நான் கீழ வெட்டினேன். தெனம் வெட்டினோம். அது வடிச்சுக்கினே இருந்துச்சு. புள்ள பொழச்சு வூட்டுக்கு வந்தா. மரம் அன்னிலர்ந்து சாவுது. இருவது வருசமா சாவுதும்மா. அது போட்ட விதை தண்ணி இல்லாம கெடந்தத பாத்ததும் எனக்குத் தாங்கல."

முந்தின நாள் அவர் தழும்பில் கை வைத்து நின்றது கண் முன்னால் வந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். "அக்கா, அழாதிய" என்றேன், நானே அழுதுகொண்டு.

பத்தர்தான் காரியக்காரர். கருக்களை ஒற்றியெடுத்துத் தட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆரம்பத்துல இருந்தத விடக் கொஞ்சம் ஏறிக்கீது. ஏறினா இன்னா, மறுபடி எறக்க வேண்டியதுதான்" என்றார். உடைந்த நகையை உருக்கி மறுபடி செய்கிற மனிதருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் குருணை முழுக்க ரோஸ். ஒரு துளி ஈரம்கூட இனி குடிக்காது. லேபாக இருந்தால் சூட்டு அடுப்பில் வைத்து மறுபடி நீலமாக்குவோம். இங்கே அடுப்பு என்றால் விறகடுப்பு. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சடையம்மா எழுந்துவிட்டார். "வறுக்கணும், அவ்ளோதானே?" இரும்புச் சட்டியை ஏற்றினார். குருணையைக் கொட்டினார். சாமையை வறுக்கிற அதே கைவாகில், தீயை இழுத்து, தள்ளி, அடி பிடிக்காமல் கிளறினார். சட்டியை இறக்கி இறக்கி ஏற்றினார். ரோஸ் மெல்ல ஊதாவாயிற்று, ஊதா நீலமாயிற்று. "இன்னா இது, ஒண்ணுகூடப் பொரியல" என்றார். அழுத முகத்தோடு சிரித்தார். நான் கேட்டிருந்தாலும் எங்கள் லேபில் யாரும் இவ்வளவு சீராக வறுத்துத் தந்திருக்க மாட்டார்கள்.

ஆறிய குருணையில் கருக்களை மறுபடி வைத்தோம். இந்த முறை டப்பாவின் எதிரே சடையம்மாவே உட்கார்ந்துகொண்டார். கரு சுருங்கச் சுருங்க அவர் முகமும் சுருங்கியது. ஒரு கட்டத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். குருணை ரோஸானதும் மறுபடி வறுத்தார். அரை மணிக்கு ஒரு தரம் பத்தர் எடை சொன்னார். முக்கால். முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. பொழுது சாயும் நேரத்தில், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "பாதி. முடி பிசகாம பாதி" என்றார்.

குப்பிகளில் போட்டுத் திருகினோம். செல்வி டியூட்டி முடிந்து வந்திருந்தாள். கேனைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் பரவியது. முதல் குப்பியைச் சடையம்மாவின் கையில் கொடுத்து, இடுக்கியைப் பிடிக்கச் சொல்லித் தந்து, "நீங்களே போடுங்கக்கா" என்றேன். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டார். சூடான எண்ணெயில் அப்பளம் போட்டது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது.

நான்காம் நாள் கார் வந்தது. மாட்டுக்காரர்கள் மறுபடி நின்றார்கள். போகிற போக்கிலாவது ஒரு ஊசி போட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று அதில் ஒருவருக்கு வருத்தம்தான். பத்தர் கூலி எதுவும் வாங்க மாட்டேன் என்றார். முளைத்தால் ஒரு போன் மட்டும் பண்ணச் சொன்னார். சடையம்மா வரகரிசி ஒரு பை கட்டிக் கொடுத்தார்.

சென்னை வந்ததும் ஒரு குப்பியைத் தனியே எடுத்துக்கொண்டேன். அதிலிருந்த கருக்களைக் கிண்ணத்தில் வைத்து மூடிக் கருவியில் ஏற்றினேன். இருபது வருடத்தில் ஆயிரம் தடவை செய்த வேலை. அன்று மூடியை இரண்டு தடவை சரிபார்த்தேன். கோடு ஓடத் தொடங்கியது. மேடு வர வேண்டிய இடம் நெருங்க நெருங்க நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு சின்னப் புடைப்பு. கொசு கடித்த அளவு. அவ்வளவுதான். கோடு நேராகப் போய்விட்டது. அறையில் யாரும் இல்லாததால் நான் போட்ட ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

கோடு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, முளைக்க வேண்டும். இன்னொரு குப்பியின் பத்துக் கருக்களை வெதுவெதுப்பான நீரில் உறைவு நீக்கி, ஊட்டக் கூழில் நட்டு வைத்தோம். முதல் வாரத்தில் ஆறு பழுப்பேறிச் செத்தன. ஏழாவது அழுகியது. மிஞ்சிய மூன்றும் ஒன்றும் செய்யாமல் வெள்ளையாகவே கிடந்தன. தினம் காலையில் காப்பிக்கு முன்னால் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, மூன்றுமே நுனியில் பச்சை விட்டிருந்தன. நடுவில் ஈரப்பட்டது கெடுத்ததா, காத்ததா என்று எங்கள் ஆட்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை அறிக்கையில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பத்தருக்கு முதலில் போன் செய்தேன். "சேதாரம் ஏழு. செய்கூலி இல்ல" என்று சிரித்தார்.

பிறகு செல்வியைக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தவள், சாயங்காலம் அம்மாவோடு பாறை மேல் ஏறி, என்னை அழைத்து அவரிடம் போனைக் கொடுத்தாள். மூன்று பச்சை விட்ட கதையைச் சடையம்மாவிடம் சொன்னேன். பெரிய காற்று ஒன்றில் மரத்தின் மிஞ்சிய கிளைகளும் ஒடிந்துவிட்டன என்று செல்வி முன்பே சொல்லியிருந்தாள்.

"ஒரு வருசம் எங்க நிழல்கூடத்துல வளத்து, ஒங்க கையில கொண்டுவந்து தாரேன்க்கா" என்றேன்.

"வேணாம்மா."

"என்னக்கா வேணாம்?"

"எங்க கையில குடுக்காத. அங்கியே குளுருல வச்சிக்க. நாங்க கெட்டவங்க இல்லம்மா. ஆனா நாளைக்கு செல்வி புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் மறுபடி அருவா எடுப்பேன். எடுக்க மாட்டேன்னு என் வாயால சொல்ல முடியாது. சுத்தி வெட்டுவேன். எனக்கு என்னியத் தெரியும்."

நான் நாற்காலியைத் திருப்பினேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நைட்ரஜன் தொட்டி நின்றது. உள்ளே இன்னும் நாலு குப்பி.

"வெட்டுங்கக்கா" என்றேன். "புள்ளைக்கு வேணும்னா வெட்டுங்க. இங்க நாப்பது கிடக்கு. நீங்க ஒண்ண வெட்டினா நான் இன்னொண்ணு கொண்டு வாரேன். அதையும் வெட்டினா அடுத்தது. நான் இல்லாட்டி எனக்கப்புறம் இந்த நாற்காலில இருக்கவ கொண்டு வருவா."

மறுமுனையில் காற்று அடித்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழி இன்னா ஆழம் தோண்டணும்?" என்று கேட்டார்.